கோழிச்சோறு முழு உணவு ஆகாது

வீட்டில் சமைத்த உணவே நாய்க்குப் போதும், வைட்டமினும் தாதுச்சத்தும் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை என்ற கருத்து தமிழ்நாட்டில் நாய் வளர்க்கும் வீடுகளில் ஏறக்குறைய கேள்வியே இல்லாமல் நிலவுகிறது. மதியம் கோழிச்சோறு, இரவு தயிர்ச்சோறு, ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் ஈரல், அவ்வப்போது ஒரு முட்டை. இப்படி வளரும் நாய்க்கு எந்தக் குறையும் இல்லை என்று வீட்டார் நம்புகிறார்கள். பொட்டலத் தீனி விற்பவர்கள் கிளப்பிய பயமே இந்தச் சத்துப் பேச்சு என்றும் கருதுகிறார்கள்.

இந்தக் கருத்துக்குப் பின்னால் நியாயமான காரணங்கள் உண்டு. வீட்டுச் சமையலில் என்ன விழுகிறது என்பது சமைப்பவருக்குத் தெரியும். தொழிற்சாலையில் அது தெரியாது. 2007இல் மெலமைன் கலந்த மூலப்பொருளால் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு இறந்தன. 2019இல் அங்கே டப்பாவில் அடைத்த நாய் உணவுகள் வைட்டமின் டி அளவு மிஞ்சிப்போனதால் திரும்பப் பெறப்பட்டன. அரிசி நாய்க்கு ஆகாது என்ற எதிர்ப்பிரச்சாரமும் தவறானதே. ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணுவின் படிகள் அதிகம் என்பதை 2013இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. வெந்த சோற்றை நாய் நன்றாகவே செரிக்கிறது. ஆகவே இங்கே மறுக்கப்படுவது வீட்டுச் சமையல் அல்ல, சோறும் கறியும் சேர்ந்தாலே உணவு முழுமையாகிவிடும் என்ற முடிவு மட்டுமே. உணவு சுத்தமாக இருப்பது ஒன்று, முழுமையாக இருப்பது வேறொன்று. முதலாவதற்கான சான்றுகளை இரண்டாவதற்கும் சான்றாகக் காட்டுவதில்தான் பிழை தொடங்குகிறது.

எந்த வாதத்துக்கும் முன்னால் பானையைக் கணக்குப் பார்க்க வேண்டும். 20 கிலோ எடையுள்ள, வளர்ச்சி முடிந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 1000 கிலோகலோரி தேவை. 150 கிராம் அரிசி, எலும்பில்லாத கோழிக்கறி 250 கிராம், 100 கிராம் கேரட், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். பல வீடுகளில் வைக்கும் சோற்றைவிட இது தாராளமானது, கலோரியும் ஏறத்தாழச் சரியாக வந்துவிடும். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2006இல் வெளியிட்ட நாய், பூனைகளுக்கான சத்துத் தேவை நூல், இந்த அளவு கலோரிக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது. பானையில் இருப்பது ஏறக்குறைய 100 மில்லிகிராம், அதாவது பத்தில் ஒரு பங்கு. பாஸ்பரஸோ 650 மில்லிகிராமைத் தாண்டுகிறது. கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ அதைவிடக் கூடுதலாகவோ இருக்க வேண்டும். இங்கே பாஸ்பரஸ் ஆறேழு மடங்கு மேலே நிற்கிறது. துத்தநாகம் 15 மில்லிகிராம் வேண்டும், கிடைப்பது ஐந்தைச் சுற்றி. தாமிரம் 1.5 மில்லிகிராம் வேண்டும், கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. அயோடினும் வைட்டமின் டியும் பெயரளவுக்கே இருக்கின்றன. புரதம், மாங்கனீஸ் போன்றவற்றில் குறையில்லை. இந்தத் தட்டைச் சில நாள் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. ஆண்டுக்கணக்கில் இது ஒன்றையே கொடுப்பதுதான் சிக்கல். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் முன்வைக்கப்படும் சமாதானங்கள் பல.

1. “நாய் நன்றாகத்தானே இருக்கிறது?” எல்லாவற்றையும்விட வலுவாகத் தோன்றும் வாதம் இது. கண்முன்னே ஓடி விளையாடும் நாயை எந்த அட்டவணையும் பொய்யாக்க முடியாது என்று வீட்டார் நினைக்கிறார்கள். ஆனால் பற்றாக்குறையை மறைத்து வைப்பதே உடலின் வேலை. இரத்தத்தில் கால்சியம் சற்றுக் குறைந்தாலும் இதயமும் தசையும் நரம்பும் தடுமாறும். அதனால் தட்டில் கால்சியம் வராதபோது பாராதைராய்டு சுரப்பி விழித்துக்கொண்டு, எலும்பைக் கரைத்து இரத்தத்துக்கு அனுப்புகிறது. கறியிலிருந்து மிதமிஞ்சி வரும் பாஸ்பரஸ் அந்தச் சுரப்பியை மேலும் தூண்டுகிறது. இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே தெரியும். எலும்புக்கூடுதான் மாதக்கணக்கில் இளைத்துக்கொண்டே போகும்.

குட்டிகளிடம் இது சீக்கிரம் வெளியே வருகிறது. முன்னங்கால் வளைகிறது, நடக்க மறுக்கிறது, தூக்கினால் கத்துகிறது, சோபாவிலிருந்து குதித்ததற்கே எலும்பு முறிகிறது. முழுக்கக் கறியும் சோறும் தின்று வளர்ந்த குட்டி இது என்று சொன்னால் கால்நடை மருத்துவர்கள் பலருக்கும் வியப்பே இருக்காது. வளர்ந்த நாயிடம் எலும்பில் சேமிப்பு அதிகம் இருப்பதால் ஆண்டுகள்கூட ஆகலாம்; தாடை எலும்பு தளர்ந்து பல் ஆடும்போது வயதாகிவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். துத்தநாகக் குறையும் அப்படியே. கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் பாதத்திலும் தோல் தடித்துப் பொருக்கு விடும்போது அது சொறி என்று மருந்து தடவப்படுகிறது. நன்றாக இருக்கிறது என்பதன் உண்மைப் பொருள், இன்னும் வெளியே தெரியவில்லை என்பதே.

2. “காலங்காலமாக நாய் மிச்சத்தைத்தானே தின்றது?” தின்றது, ஆனால் மிச்சத்தை மட்டும் தின்னவில்லை. ஊர் நாய் எலி பிடித்தது. கறிக்கடை ஓரத்தில் எலும்பும் குடலும் கடித்தது. செத்த மாட்டை எலும்போடு மென்றது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்கள் முயல் விரட்டின. வீட்டார் போட்ட சோறு அவற்றின் உணவில் ஒரு பகுதியாகவே இருந்தது. மீதியை அவை தாமே தேடிக்கொண்டன. இன்று மூன்றாவது மாடியில் கதவடைத்து வளர்க்கப்படும் லாப்ரடாருக்கு அந்த மீதி இல்லை. தட்டில் விழாதது அதன் உடலுக்குள் போக வழியே கிடையாது. அந்தக் காலத்துக் குட்டிகளில் எத்தனை வளராமலே போயின என்று யாரும் குறித்துவைக்கவும் இல்லை.

மேலும், எளிய வீட்டு உணவை மட்டும் கொடுத்தால் நாய்க்கு என்ன ஆகும் என்பது நூறு ஆண்டுகளுக்கு முன்பே சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டது. 1918, 1919இல் லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளை உள்ளேயே வைத்து ரொட்டி, பால், ஓட்ஸ் போன்ற சாதாரண உணவில் வளர்த்தார். குட்டிகளுக்கு எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் வந்தது. காட் மீன் ஈரல் எண்ணெய் சேர்த்தபோது வரவில்லை. வைட்டமின் டியைக் கண்டறியும் பாதை அங்கிருந்துதான் திறந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மக்காச்சோளத்தை நம்பிய ஏழைகளுக்குப் பெல்லக்ரா என்ற பற்றாக்குறை நோய் வந்தது போலவே, அதே வகை உணவு தின்ற நாய்களுக்கு நாக்கு கறுத்துப் புண்ணாகும் நோய் வந்தது. 1937இல் கான்ராட் எல்வெஜெம் அந்த நாய்களை நிகோடினிக் அமிலம் என்ற வைட்டமினால் குணப்படுத்தினார். மனிதர்களின் பெல்லக்ராவுக்கும் அதுவே மருந்தானது. வைட்டமின் என்பது தீனிக் கம்பெனிகளின் கண்டுபிடிப்பு என்று சொல்பவர்கள் அறிய வேண்டியது இது. மனித குலம் வைட்டமின்களைப் பற்றித் தெரிந்துகொண்டதில் ஒரு பங்கு, குறையுள்ள உணவைத் தின்று நோயுற்ற நாய்கள் தந்தது. அந்த அறிவை நாய்களுக்கே மறுப்பது பெரும் அநீதி.

3. “ஒரே உணவா கொடுக்கிறோம்? மாற்றி மாற்றித்தானே கொடுக்கிறோம்.” இன்று கோழி, நாளை முட்டை, மறுநாள் மீன் என்று மாற்றினால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் என்பது கேட்க அறிவுக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் எதில் குறையோ அது மாற்று உணவில் இருந்தால்தான் குறை நிரம்பும். எலும்பு நீக்கிய கோழி, ஆட்டுக்கறி, முள் நீக்கிய மீன், ஓடு நீக்கிய முட்டை, ஈரல் அனைத்திலும் கால்சியம் சொற்பம். கோழிக்குப் பதில் ஆட்டுக்கறி போட்டால் துத்தநாகம் ஓரளவு கூடும், கால்சியம் அங்கேயே நிற்கும். ஈரலை எல்லாக் குறைக்கும் மருந்து போலப் பேசுகிறார்கள். வைட்டமின் ஏக்கு அது சிறந்த மூலம்தான். இந்த 20 கிலோ நாய்க்குச் சராசரியாக நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் கோழி ஈரலே போதும். தாமிரத்துக்கோ ஆட்டு ஈரல்தான் உதவும், கோழி ஈரலில் அது மிகக் குறைவு. இந்த வேறுபாடு தெரியாமல் கோழி ஈரலை அள்ளிப் போடுபவர்கள் வைட்டமின் ஏயை மிகையாக்கி, தாமிரத்தைக் குறையாகவே விட்டுவிடுகிறார்கள். அதோடு ஈரலில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போல முப்பது மடங்குக்கும் மேல் இருப்பதால் கால்சியக் கணக்கு இன்னும் மோசமாகிறது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், வளர்ந்த நாய்களுக்கென்று நூல்களிலும் இணையத்திலும் வெளியான 200 வீட்டு உணவுக் குறிப்புகளைக் கணக்கிட்டு 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் 190இல் குறைந்தது ஒரு இன்றியமையாத சத்தாவது போதவில்லை. 167இல் ஒன்றுக்கு மேற்பட்டவை போதவில்லை. பல குறிப்புகளில் ஒரே சத்துகள் திரும்பத் திரும்பக் குறைந்திருந்ததால், குறிப்புகளை மாற்றி மாற்றிச் சமைப்பதும் தீர்வாகாது என்றார்கள். அந்த 200இல் பாதிக்கு மேல் கால்நடை மருத்துவர்கள் எழுதியவை. படித்தவர்கள் யோசித்து எழுதிய குறிப்புகளே தேறாதபோது, அன்றைக்கு வீட்டில் இருப்பதைக் கொண்டு கைவாக்கில் கலக்கும் சோறு தானாக முழுமையாகிவிடும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

4. “கால்சியத்துக்குத்தான் தயிரும் கேழ்வரகும் இருக்கின்றனவே!” இருக்கின்றன, எவ்வளவு என்பதுதான் கேள்வி. தயிரில் 100 கிராமுக்குச் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம். பானையில் குறைந்த 900 மில்லிகிராமை ஈடுகட்ட முக்கால் கிலோ தயிர் வேண்டும். அது நாயின் ஒரு நாள் கலோரியில் பாதிக்கு அருகில் வந்துவிடும். தயிரிலேயே உள்ள பாஸ்பரஸும் கூடவே ஏறும். இரவுச் சோற்றில் கலக்கும் இரண்டு கரண்டித் தயிர் சுவைக்குத்தான் பயன்படும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் இருப்பது உண்மை, தானியங்களில் அதற்கு இணையில்லை. அரிசி முழுவதையும் எடுத்துவிட்டுக் கேழ்வரகு போட்டாலும் தேவையில் ஏறக்குறைய பாதிதான் காகிதத்தில் தேறும். கேழ்வரகில் உள்ள பைட்டேட் என்ற பொருள் அந்தக் கால்சியத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஏற்கெனவே குறைவாக இருக்கும் துத்தநாகத்தையும் குடலில் சேரவிடாமல் தடுக்கிறது.

முட்டை ஓட்டை இந்த வரிசையில் சேர்க்கக் கூடாது, அது உண்மையாகவே வேலை செய்கிறது. கழுவிக் காயவைத்து மாவாகப் பொடித்த ஓடு அரைத் தேக்கரண்டி ஏறக்குறைய 1000 மில்லிகிராம் கால்சியம் தரும். மேலே சொன்ன பானைக்கு அது போதும், பாஸ்பரஸோடு உள்ள விகிதமும் சரியாகிவிடும். காசும் ஆகாது. ஆனால் ஓடு தீர்ப்பது கால்சியத்தை மட்டும். துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் டி எதுவும் அதில் இல்லை. கண்ணளவில் கூடுதலாகத் தூவினால் மிகையான கால்சியமே துத்தநாகம் சேர்வதைத் தடுக்கும். ஒரு குறையை அறிந்து தீர்த்தவர்கள் மற்றவை தீர்ந்துவிட்டதாக எண்ணி நிறுத்திவிடுவது வழக்கமாகிவிட்டது.

5. “வெயிலில் விட்டால் வைட்டமின் டி வந்துவிடும்.” மனிதத் தோலுக்குப் பொருந்தும் இந்த விதி நாய்க்குப் பொருந்தாது. வெயில் பட்டு வைட்டமின் டியாக மாற வேண்டிய மூலப்பொருளை நாயின் தோலில் உள்ள ஒரு நொதி முன்கூட்டியே வேறொன்றாக்கிவிடுகிறது. நாள் முழுக்க மொட்டை மாடியில் படுத்துக் கிடந்தாலும் நாய்க்கு அது போதிய அளவு கிடைப்பதில்லை. முட்டை மஞ்சள்கருவிலும் மத்தி போன்ற கொழுப்பு மீன்களிலும் வைட்டமின் டி உண்டு. கோழிக்கறியிலும் அரிசியிலும் காயிலும் சொல்லத்தக்க அளவு இல்லை. வைட்டமின் சி இதற்கு நேர்மாறு. நாயின் ஈரலே அதை உண்டாக்கிக்கொள்கிறது. நெல்லிக்காய்ச் சாறு ஊற்ற வேண்டியதில்லை. மனிதருக்கு வேண்டியது நாய்க்கு வேண்டாம் என்பதும், மனிதருக்கு இயல்பாகக் கிடைப்பது நாய்க்குக் கிடைக்காது என்பதும் ஒருசேர உண்மை.

6. “உப்பு போட்டால் முடி கொட்டும்.” உடல்நலமுள்ள நாய்க்கு அளவான உப்பால் முடி கொட்டும் என்பதற்கு ஆதாரமில்லை. சோடியமும் குளோரைடும் நாய்க்கும் இன்றியமையாதவை. உப்பே இல்லாமல் வேகவைத்த சோற்றில், வீட்டில் எல்லோருக்கும் கிடைக்கும் அயோடினும் நாய்க்கு மட்டும் இல்லாமல் போகிறது. தைராய்டு சுரப்பி அதை நம்பியே இயங்குகிறது. எதிர்ப்பக்கத்தில், அயோடின் உப்பு கொஞ்சம் போட்டால் எல்லாம் சரி என்பவர்களும் கணக்கிட வேண்டும். 1000 கிலோகலோரிக்கு 220 மைக்ரோகிராம் அயோடின் தேவை. இந்தியாவில் வீட்டுக்கு வரும் உப்பில் இருக்க வேண்டிய குறைந்த அளவு, கிராமுக்கு 15 மைக்ரோகிராம். உப்பைக் கொண்டே நிரப்ப வேண்டுமானால் நாளுக்கு 14 கிராமுக்கு மேல் போக வேண்டும். அவ்வளவு உப்பை எந்த 20 கிலோ நாய்க்கும் கொடுக்கக் கூடாது. அயோடினுக்கு வேறு மூலம் வேண்டும்.

7. “சந்தேகமாக இருந்தால் ஒரு டானிக் ஊற்றினால் முடிந்தது.” குறையை ஒப்புக்கொள்பவர்களும் விழும் குழி இதுவே; குறையைவிட வேகமாக இது உயிரை வாங்கக்கூடும். கால்சியம் சிரப்புகள் பலவற்றில் பாஸ்பரஸும் சேர்ந்தே இருக்கிறது. கறியும் சோறும் ஏற்கெனவே பாஸ்பரஸைக் கொட்டியிருக்கும் தட்டில் அது விகிதத்தைச் சரிசெய்யப் போதாது. பொதுவான வைட்டமின் சிரப்பில் துத்தநாகமும் அயோடினும் இருக்கின்றனவா, எவ்வளவு என்று லேபிளைப் படிப்பவர் அரிது.

வீட்டில் மனிதருக்கு வாங்கி வைத்ததை நாய்க்குக் கொடுப்பது இன்னும் ஆபத்து. வாரம் ஒன்று என்று மருத்துவர் எழுதித் தரும் 60,000 யூனிட் வைட்டமின் டி பொட்டலம் இன்று பல வீட்டு அலமாரிகளில் கிடக்கிறது. 10 கிலோ நாயின் ஒரு நாள் தேவை சுமார் 80 யூனிட். அந்த ஒரு பொட்டலம் அதற்கு இரண்டு ஆண்டுத் தேவை. ஒரே வேளையில் உள்ளே போனால் இரத்தக் கால்சியம் எகிறிச் சிறுநீரகம் கெடும் எல்லைக்குள் அது நாயைக் கொண்டுபோய்விடும். சர்க்கரையில்லாத மெல்லும் மாத்திரைகளில் சைலிட்டால் இருந்தால் நாயின் இரத்தச் சர்க்கரை சட்டென்று சரியும். இரும்பு மாத்திரைகளும் நஞ்சாகும்.

பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியத்தை வாரி ஊற்றும் வழக்கத்தைத் தனியாகக் கண்டிக்க வேண்டும். எலும்பு உறுதியாகட்டும் என்று கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிகளுக்கு முழுமையான தீனியின் மேலேயும் சிரப் ஊற்றுகிறார்கள். சில மாதங்களே ஆன குட்டியின் குடலுக்கு, மிகையான கால்சியத்தை மறுத்து வெளியேற்றும் திறன் இல்லை. 1980களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளிடம் நடந்த ஆய்வுகள், மிகைக் கால்சியம் குருத்தெலும்பையும் எலும்பு வளர்ச்சியையும் கெடுப்பதைக் காட்டின. குறைந்தாலும் கால் வளைகிறது, மிகுந்தாலும் வளைகிறது. எந்தத் தட்டில் குறை, எந்தத் தட்டில் மிகை என்று பார்க்காமல் ஊற்றும் டானிக்கை மருந்து என்று சொல்ல முடியாது.

8. “பிள்ளைக்குச் சோறு போடும் தாய் தராசா வைத்துக்கொள்கிறாள்?” வைத்துக்கொள்வதில்லை. ஆனால் பிள்ளை பள்ளியில் ஒன்று, பாட்டி வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று என்று பலவிதமாகத் தின்கிறது. உப்பில் அயோடினை அரசு சேர்க்கவைக்கிறது, பள்ளியில் இரும்பு மாத்திரை தருகிறார்கள். அளவு பார்க்கும் வேலையை வேறு யாரோ செய்துவிட்டார்கள். அத்தோடு தேவையே வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2020 பரிந்துரைப்படி வளர்ந்த மனிதருக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம். ஆணுக்கு 17 மில்லிகிராம் துத்தநாகம். உடல் எடையில் அவரில் மூன்றில் ஒரு பங்கே உள்ள 20 கிலோ நாய்க்கும் வேண்டியது அதே 1000, ஏறக்குறைய அதே 15. வளர்ந்த ஒருவருக்கு வைத்த சோற்றில் மூன்றில் ஒரு பங்கை நாய்க்கு ஒதுக்கினால், தேவையிலும் மூன்றில் ஒரு பங்குதான் அதற்குக் கிடைக்கும். குழம்பு ஊற்றிய சோறானால் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பது தனிக் கேடு.

அப்படியானால் வீட்டில் சமைக்கவே கூடாதா? சமைக்கலாம். டேவிஸ் ஆய்வில் தேறிய குறிப்புகளும் இருந்தன என்பதே அதற்குச் சான்று. ஆனால் அதே ஆய்வில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகள், சமைப்பவர் ஊகித்து நிரப்ப வேண்டிய இடைவெளிகளோடு இருந்தன. முழுமையான குறிப்பில் அந்த இடைவெளி இருக்காது. கறி என்று மட்டும் எழுதாமல் கோழியின் எந்தப் பகுதி, தோலோடா தோலின்றியா, பச்சை எடையா வெந்த எடையா என்று சொல்லும். எண்ணெயின் பெயரைச் சொல்லும், ஏனென்றால் சூரியகாந்தி எண்ணெயில் உள்ள வைட்டமின் ஈ தேங்காய் எண்ணெயில் இல்லை. கரண்டிக் கணக்கில் இல்லாமல் கிராமில் பேசும். கால்சியம், துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் டி, ஈ, கோலின் ஒவ்வொன்றும் எதிலிருந்து எவ்வளவு வருகிறது என்று காட்டும். உணவால் நிரம்பாததை, அந்தக் குறிப்புக்கென்றே அளவிட்ட சத்துக்கலவையால் நிரப்பும். கடைசியாக, கூடவே வேகட்டும் என்று அந்தக் கலவையையும் சேர்த்துக் கொதிக்கவைக்கக் கூடாது. சோறு ஆறிய பிறகே கலக்க வேண்டும், தயமின் போன்ற வைட்டமின்கள் வெப்பத்தில் அழியும். கஞ்சியை வடித்துக் கொட்டாமல் தண்ணீர் வற்றச் சமைப்பதும், பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியை எடுப்பதும் பி வைட்டமின்களை ஓரளவு காக்கும்.

இத்தகைய குறிப்பை நாயின் எடை, வயது, நோய் பார்த்துக் கணக்கிட்டுத் தரக்கூடியவர் சத்துணவியல் அறிந்த கால்நடை மருத்துவர். அவர் தந்ததில் ஒரு பொருள் கிடைக்கவில்லை என்று வீட்டார் இன்னொன்றை மாற்றினால் கணக்கு முழுவதும் மாறிவிடும். மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டும். வளர்ந்த நாயின் குறிப்பைக் குட்டிக்குக் கொடுக்கவே கூடாது. அதே 1000 கிலோகலோரிக்கு வளரும் குட்டிக்கு வேண்டிய கால்சியம் 3000 மில்லிகிராம், வளர்ந்த நாயின் தேவையைப் போல மூன்று மடங்கு. குட்டி வளர வளர அந்தக் கணக்கும் திரும்பத் திரும்பப் போடப்பட வேண்டும். அதற்கு வசதியில்லாத வீட்டில், வளர்ச்சி முடியும் வரையாவது குட்டிகளுக்கென்று தயாரான முழுமையான உணவே பாதுகாப்பானது.